ரொட்டிக் கிடங்குச் சுவர்

அமலநாதன் புதுச்சேரியில் வந்து இறங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், வைகாசி மாதத்தில். சைகோனிலிருந்து வந்த கப்பல் கரையை நெருங்காமல் தூரத்திலேயே நின்றுவிட்டது. ஆட்களைச் சலங்குப் படகில் இறக்கிப் கடற்பாலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடது கால் குட்டையாகி இடுப்பும் மடங்காமல் போயிருந்த அமலநாதனை ஒரு நாற்காலியில் கட்டி, சாமான் இறக்குகிற கயிற்றில் தொங்கவிட்டுத்தான் படகில் வைக்க முடிந்தது. அவன் மனைவி செலஸ்தீன் படகில் உட்கார்ந்து, அந்தரத்தில் ஆடுகிற புருஷனை அண்ணாந்து பார்த்தபடியே செபமாலை உருட்டினாள். பாலத்தில் ஏறியதும் வெயில் சுரீரென்று உச்சந்தலையில் இறங்கியது. அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

வாலிபத்தில் ஊரைவிட்டுப் போனவன் அவன். இந்தோசீனாவின் வடக்கே டோங்கின் மலைப்பக்கம், சீனத்து எல்லையோரம், பிரெஞ்சுச் சர்க்காரின் சுங்கக் காவலில் வேலை. ஒரு தை மாதத்து மழைத்தூறலில் காவல்காரர்கள் வந்த லாரி வளைவில் உருண்டு ஓடைக்குள் விழுந்தது. ஊசியாய்க் குத்தும் தண்ணீரில் விடியும் வரை கிடந்தார்கள். பிழைத்தவர்களில் இருவர் புதுச்சேரிக்காரர்கள். ஒருவன் அமலநாதன். இன்னொருவன் அருளானந்தம். அமலநாதனுக்கு இடுப்பும் முழங்காலும் நொறுங்கின. அருளானந்தத்துக்கு இடது கையை முழங்கையோடு எடுத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்து, இருமலும் ஒட்டிக்கொண்டது.

இருவருக்கும் அங்கவீனப் பென்ஷன் கிடைத்தது. அருளானந்தத்துக்குக் கொஞ்சம் கூடுதல். டாக்டர்கள் கூடி உட்கார்ந்து உடம்பை அளந்தபோது, கை போனவனுக்கு அதிக விழுக்காடும் கால் குட்டையானவனுக்குக் குறைந்த விழுக்காடும் போட்டார்கள். இல்லாத கை எல்லோர் கண்ணிலும் படுகிறது, எலும்புக்குள் இருக்கிற வலி யார் கண்ணில் படுகிறது என்று அமலநாதன் அன்றைக்கே மனசுக்குள் புழுங்கினான். வெளியே சொல்லவில்லை. சொன்னால் கூட்டாளியின் கை போனதற்குப் பொறாமைப்படுகிறான் என்று நினைப்பார்கள். நினைத்தாலும் தப்பில்லை, அவன் பட்டது பொறாமைதான்.

குளிர் ஆகாது, ஈரம் ஆகவே ஆகாது, சூடான ஊராகப் பார்த்துப் போய் இரு என்று சைகோன் டாக்டர் சொல்லியிருந்தார். சைகோனும் சூடான ஊர்தான். ஆனால் அந்தப் பென்ஷனில் அங்கே குடக்கூலி கொடுத்தால் சோற்றுக்கு இருக்காது. புதுச்சேரியில் பிறந்தவனுக்குப் புதுச்சேரியைவிட்டால் வேறு எது சூடான ஊர்? வெயிலுக்கா அங்கே பஞ்சம் என்று கப்பலில் எல்லோரும் சிரித்தார்கள்.

வெயிலுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அந்த வெயில் ஏழை பாழைகள் குடியிருக்கும் வீடுகளுக்குள் வருவதில்லை என்பது ஐப்பசி பிறந்ததும் தெரிந்தது. அவர்கள் பிடித்திருந்த வீடு உப்பளத்தில் இருந்தது. வாடகை மலிவு. வாசலுக்கு எதிரே சதுப்பு. வைகாசியிலும் ஆனியிலும் அது வெடித்துக் காய்ந்து கிடந்ததால் அவனுக்குக் கால் நோவே மறந்துபோயிருந்தது. முதல் மழை விழுந்ததும் தரை வியர்த்தது. சுவரில் உப்புப் பூத்துக் காரை பொடிப்பொடியாய்க் கொட்டியது. தலையணையைப் பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது. ஒருநாள் காலையில் படுக்கையைவிட்டு எழ முடியாமல் கால் கட்டையாய் இறுகிக்கொண்டது. செலஸ்தீன் அடுப்புச் சாம்பலைச் சூடாக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுத்த பிறகுதான் அவனால் உட்காரவே முடிந்தது.

அன்றிலிருந்து அவன் வீடு தேட ஆரம்பித்தான். மழை விட்ட நேரமெல்லாம் கையில் தடியை ஊன்றிக்கொண்டு தெருத் தெருவாய் நடந்தான். கடலோரத்து வெள்ளைக்காரர் தெருக்களில் வெயில் விழும் முற்றமுள்ள வீடுகள் இருந்தன. அவற்றின் வாடகையைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. முத்தியால்பேட்டையில் ஒரு வீடு கிடைத்தது, உள்ளே தறிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர். நெல்லித்தோப்பில் மெத்தை வீடு ஒன்று, வெயிலும் காற்றுமாய் அருமையான வீடு. ஆனால் படி செங்குத்தாக இருந்தது. நாலு படி ஏறிப் பார்த்துவிட்டு, இறங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்காரரின் மருமகன் அவனைக் குழந்தைபோல் தூக்கிக் கீழே விட்டான். வழியெல்லாம் அமலநாதன் எதிரே வந்த ஒவ்வொரு வீட்டையும், அதில் குடியிருப்பவர்களின் கால்களையும் பார்த்துக்கொண்டே வந்தான். இரண்டு காலும் நேராக இருக்கிறவர்களுக்கு இத்தனை காய்ந்த தரை எதற்கு என்று தோன்றியது.

இந்தச் சமயத்தில்தான் அருளானந்தமும் ஊருக்கு வந்து சேர்ந்தான். அவனுக்கு மனைவி மக்கள் கிடையாது. ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்று, ஒரு வாரம் இங்கே இருந்துகொள்கிறேன் என்றான். ஈரமான வீட்டைப் பார்த்து அவன் முகம் சுளிக்கவில்லை. செலஸ்தீனிடம் லாரி விழுந்த கதையைச் சொன்னான். அமலநாதன் அதே கதையைச் சொன்னபோதெல்லாம் அழுதவள், அருளானந்தம் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓடையில் கிடந்தபோது தன் கை எங்கே என்று தேடி, பக்கத்தில் கிடந்த சமையற்காரனின் கையைப் பிடித்து இழுத்ததாகவும், அவன் பேய் என்று அலறியதாகவும் சொன்னான். அப்படி எதுவும் நடந்ததாக அமலநாதனுக்கு ஞாபகமில்லை. நடந்திருந்தாலும் தனக்கு அதைச் சிரிப்பாகச் சொல்ல வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த ஒரு வாரம் முடிவதற்குள் அருளானந்தம் வீடு பிடித்துவிட்டான்.

எப்படி என்று கேட்டதற்கு அவன் சொன்னது அமலநாதனுக்கு எரிச்சலை மூட்டியது. நல்ல வீடு எங்கே இருக்கிறது என்று அவன் யாரையும் விசாரிக்கவில்லையாம். சவரம் செய்துகொள்ளும்போது, இந்த ஊரில் ஒருவரும் குடியிருக்கமாட்டேன் என்கிற வீடு எது என்று கேட்டானாம். சவரக்காரன் யோசிக்காமல் சொன்னானாம், மணியம்மாள் ரொட்டிக் கிடங்குக்குப் பின்கட்டு என்று.

வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த வெள்ளைக்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரொட்டி சுட்டுக் கொடுக்கிற கிடங்கு அது. புருஷன் போன பிறகு மணியம்மாள்தான் நடத்திவந்தாள். பெரிய ரொட்டி அடுப்பின் முதுகுப்பக்கச் சுவரும் பின்கட்டு வீட்டின் சுவரும் ஒன்றே. அடுப்பு அணைந்தாலும் அந்தச் சுவர் ஆறாது. சித்திரையில் அங்கே இருந்தால் நாமும் ரொட்டிபோல வெந்துபோவோம் என்று குடிவந்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். அதனால் வாடகை என்று பேருக்கு ஏதோ கேட்டாள்.

அருளானந்தம் அவனை அழைத்துப்போய் வீட்டைக் காட்டினான். வெளியே அடைமழை. உள்ளே தரை மொறமொறவென்று காய்ந்திருந்தது. ரொட்டி வாசனை சுவரைத் தாண்டி வந்தது.

"இதுல முதுகைச் சாச்சி உக்காந்து பாருடா," என்றான் அருளானந்தம்.

அமலநாதன் சாய்ந்தான். சூடு முதலில் முதுகில் பட்டது. பிறகு இடுப்பில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில், மழை தொடங்கியதிலிருந்து இறுகிக் கிடந்த முழங்காலுக்குள் ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். நல்லது, கூட்டாளிக்கு நல்ல இடம் கிடைத்தது என்று நினைக்கத்தான் பார்த்தான். வந்த நினைப்பு வேறு. இது எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. இவனுக்குக் கைதானே இல்லை, இரண்டு காலால் நடக்கிறானே. நான் இந்த ஊரில் எத்தனை தெரு நடந்தேன். நேற்று வந்தவனுக்கா இது.

அதன் பிறகு தினமும் மத்தியானம் அங்கே போய்ச் சுவரில் சாய்ந்துகொள்வது அவனுக்கு வழக்கமானது. அருளானந்தமே வரச்சொன்னான். போனால் நாற்காலியை இழுத்து நல்ல இடத்தில் போட்டுக் கொடுப்பான். அதுதான் அமலநாதனுக்குத் தாங்க முடியவில்லை. பிச்சை வாங்குகிற மாதிரி இருந்தது. வலி குறைந்த காலோடு வீட்டுக்குத் திரும்பி, உப்பளத்து ஈரத்தில் கால் வைத்ததும் வலி திரும்பிவிடும். போவதற்கு முன்பு இருந்ததைவிட அது இப்போது பெரிதாகத் தெரியும். செலஸ்தீன் வேறு, அருளு அண்ணன் முகம் எவ்வளவு தெளிந்துவிட்டது பார்த்தீர்களா, புத்திசாலி மனுஷன் என்பாள். கிழங்கான் மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவாள். அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து போகிறவன் அமலநாதன்தான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், பின்கட்டுக்குப் போகிற வழியில் மணியம்மாள் அவனைக் கடைப்பக்கம் கூப்பிட்டாள். பிரெஞ்சு வேலை பார்த்து வந்தவர்களை ஊரில் மரியாதையாக "மிசே" என்பார்கள். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"மிசே, உங்க கூட்டாளி ரொம்ப இருமுறாருன்னு மாவு பெசையிற ஆளுங்க சொல்றாங்க. சளிதானே அது? வேற ஒண்ணும் இல்லியே?"

சளிதான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அருளானந்தத்துக்கு ஈரக்காற்று பட்டால் இருமல் வரும், சுவர்ச் சூட்டில் அடங்கிவிடும். ஆனால் அமலநாதன் உடனே பதில் சொல்லவில்லை. தடியின் நுனியால் தரையில் சிந்தியிருந்த மாவைக் கீறிக்கொண்டு நின்றான். அந்த மௌனம் என்ன செய்கிறது என்பதை மணியம்மாளின் முகத்தில் பார்த்தான். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

"நான் என்னத்தைச் சொல்றது மணியம்மா. கூடவே வேலை பாத்தவன். டாக்டர் அவன் நெஞ்சைப் பத்தி இன்னா சொன்னாருன்னு நான் வெளில சொன்னா நல்லாவா இருக்கும்?"

மணியம்மாள் கையில் அடுக்கியிருந்த ரொட்டிகளை அப்படியே பலகைமேல் வைத்தாள். காச நோய்க்காரன் அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறான் என்று ஊரில் ஒரு வார்த்தை பரவினால் அவள் கிடங்கில் யார் ரொட்டி வாங்குவார்கள்? அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அவனும் அன்றைக்கு அருளானந்தத்தைப் பார்க்கப் போகாமல் திரும்பிவிட்டான். வழியெல்லாம் தடியை வேகவேகமாக ஊன்றி நடந்தான். பயமா, ஆசையா என்று அவனுக்கே தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சம்பா கோவில் என்கிற பெரிய மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது அருளானந்தம் சொன்னான், மணியம்மாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள் என்று. ஏன் என்று அவன் சொல்லவில்லை. செலஸ்தீன் பதறிப்போனாள். ஆஸ்பத்திரியில் காட்டி, இது வெறும் இருமல்தான் என்று டாக்டரைச் சொல்லவைத்தால் அவள் கேட்கமாட்டாளா என்றாள். இருமல்தான் காரணம் என்று இவளுக்கு யார் சொன்னது என்று அமலநாதன் திடுக்கிட்டான். யாரும் சொல்லவில்லை, அவளாகவே யூகித்திருந்தாள். அருளானந்தம் தலையை ஆட்டி, சண்டை எதற்கு, வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டான். நோணாங்குப்பத்தில் ஆற்றை ஒட்டி கலியபெருமாள் என்ற குடியானவரின் தோட்டத்தில் ஒரு கூரை வீடு சும்மா கிடக்கிறதாம், அங்கே போகிறேன் என்றான்.

வண்டியில் பெட்டியை ஏற்றிய அன்று அமலநாதனும் போய் நின்றான். அந்த வீட்டைத் தனக்குத் தரும்படி அவன் ஏற்கெனவே மணியம்மாளிடம் சொல்லிவைத்துவிட்டான்.

"வேற எவனோ வர்றதுக்கு நீ வர்றது நல்லதுதான்," என்றான் அருளானந்தம். "அடுப்பு மூட்டுற நேரத்துல செவுரு ரொம்பக் காயும். கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கோ."

வீடு கிடைத்தது. கால் தேறியது. கார்த்திகை மழை வெளியே கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே அமலநாதன் தடியில்லாமல் அடுப்படிவரை நடந்தான். ஆனால் நினைத்த நிம்மதி வரவில்லை. நோணாங்குப்பத்திலிருந்து கீரை கொண்டுவருகிற பெண்கள் மூலமாகச் சேதி வந்துகொண்டே இருந்தது. ஒற்றைக் கை மிசே தூண்டில் போடக் கற்றுக்கொண்டாராம். ஆற்றோரம் உட்கார்ந்து சீனத்துக் கதை சொல்கிறாராம், வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் போய் உட்காருகிறார்களாம். கலியபெருமாள் வீட்டில் என்ன சமைத்தாலும் அவருக்கு ஒரு பங்கு உண்டாம். அமலநாதனுக்குக் கிடைத்த வீட்டில் யாரும் வந்து உட்காரவில்லை. சூட்டுக்குப் பயந்து பக்கத்து வீட்டார்கூட வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். சுவரையும் கொடுத்துவிட்டுப் போனவனுக்கு ஆறும் மீனும் ஆட்களும் கிடைத்துவிட்டார்களே என்று அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மார்கழி பிறந்து, கிறிஸ்துமஸ் நெருங்கியது. கிடங்கில் வேலை நெட்டி முறித்தது. செலஸ்தீன் ஒத்தாசைக்குப் போய் மணியம்மாளோடு திராட்சை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்தவள் முகம் வேறு மாதிரி இருந்தது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அருளு அண்ணனுக்கு நெஞ்சு நோவுன்னு மணியம்மாகிட்ட சொன்னது நீங்கதானா?"

அவன் சொல்லவில்லை என்றான். நான் அந்த வார்த்தையே சொல்லவில்லை, வேண்டுமானால் போய்க் கேள் என்றான். அவன் சொன்னது பொய்யும் இல்லை.

"அந்த வார்த்தைய நீங்க சொல்லலைன்னு மணியம்மாவும் சொல்லிச்சு. நீங்க சொல்லாம வுட்டதத்தான் சொல்லிச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "ஆத்துப் பனியில அவரு ஜுரமா படுத்துக் கெடக்கறாராம். கீரைக்காரி சொன்னா. நீங்க போய் இட்டுக்கிட்டு வாங்க. இல்லைன்னா நான் எங்க அக்கா வூட்டுக்குப் போறேன். இந்தச் செவுத்துல எனக்கு முதுகு சாய மாட்டேங்குது."

அவள் சொன்னதில் எது அதிகம் குத்தியது என்று யோசித்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. தான் செய்த பாவம்கூட இல்லை. அருளானந்தத்துக்காக அவள் வீட்டைவிட்டே போகத் துணிந்தது. தனக்காக ஒருநாளும் அவள் இப்படிப் பேசியதில்லையே என்று இருந்தது.

மறுநாள் காலை ஒரு மாட்டுவண்டி பேசிக்கொண்டு புறப்பட்டான். நோணாங்குப்பம் போய்ச் சேர்ந்தபோது ஆற்றின்மேல் பனி இன்னும் விலகவில்லை. கூரை வீட்டுக்குள் குனிந்து நுழைய அவன் இடுப்பு மடங்கவில்லை. கலியபெருமாளின் மனைவி அஞ்சலாட்சி கஞ்சிக் குவளையோடு வெளியே வந்தவள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாசல் தட்டியை எடுத்து வழிவிட்டாள். அவன் உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே போனான். அருளானந்தம் கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தான். போர்வை நனைந்த கோணிபோல் இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. இந்த நிலையிலும் அவன் தலைமாட்டில் யாரோ கொண்டுவந்து வைத்த வாழைப்பழமும், சுட்ட மீனும், சாமந்திப் பூவும் இருந்ததை அமலநாதனின் கண் எண்ணாமல் விடவில்லை.

வீட்டுக்குப் போகலாம் வா என்றான்.

"மணியம்மா வுடுமா?" என்றான் அருளானந்தம்.

"அவகிட்ட நான் பேசிக்கறேன். நான்தான்டா அவகிட்ட..."

"தெரியும். வூட்டைக் காலி பண்ணச் சொன்ன அன்னிக்கே அவ சொல்லிட்டா."

அமலநாதன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சுதான் கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னியா?"

"தள்ளிப் போடலைன்னா வேர்த்துக் கொட்டும். அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?" இருமல் வந்து அவனை உலுக்கியது. அடங்கிய பிறகு மெதுவாகப் பேசினான். ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி செலஸ்தீன் சொன்னபோது ஏன் போகவில்லை என்றால், போய்க் காட்டி, நிஜமாகவே அந்த நோய்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தானாம். இவன் சொன்ன பொய் ஒருவேளை மெய்யாக இருந்துவிடுமோ என்று இத்தனை நாளும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

"உம்மேல கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றான். "கொன்னுடலாம்னுகூட வந்துச்சு. ஆனா எனக்கும் உன்னைப் பாத்தா வயிறு எரியும்டா. உப்பளத்துல ஒரு வாரம் இருந்தேன் பாரு, தெனம் சாயங்காலம் உன் காலை மடில தூக்கி வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு தைலம் தேய்க்கும். நீ அதும்மேலயே எரிஞ்சு வுழுவ. எனக்கு இல்லாத கையில வலிக்குது. அதைத் தேய்ச்சு வுடுன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?"

தன்னைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவான் என்பது அமலநாதன் கனவிலும் நினைக்காதது. வெட்கப்பட வேண்டிய அந்த இடத்தில், நெஞ்சுக்குள் ஒரு மூலையில் இளஞ்சூடாக ஒரு சந்தோஷம் பரவியது. அதை அடக்க அவனால் முடியவில்லை. கூட்டாளியை எழுப்பி, அஞ்சலாட்சியும் கலியபெருமாளும் கைகொடுக்க வண்டியில் படுக்கவைத்தான். தன் போர்வையை அவனுக்குப் போர்த்தினான்.

நேராக ரொட்டிக் கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னான். திருநாள் கூட்டம். வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்காரர்களும் கன்னிமடத்து வேலைக்காரிகளும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அமலநாதன் தடியை ஊன்றி மணியம்மாள் முன்னால் போய் நின்று, தான் அன்றைக்குச் சொன்னது பொய் என்றான். மெதுவாகத்தான் சொன்னான். மணியம்மாள் கைவேலையை நிறுத்தவில்லை.

"அன்னிக்கும் மெதுவாத்தான் சொன்னீங்க மிசே. இன்னிக்கு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லுங்க."

அவன் உரக்கச் சொன்னான். இந்த அருளானந்தத்துக்கு காச நோய் இருப்பதாக எந்த டாக்டரும் சொல்லவில்லை, வீட்டுக்கு ஆசைப்பட்டு நான்தான் அப்படி நினைக்க வைத்தேன் என்றான். யாரோ ஒரு கிழவி சீ என்றாள். மாவு பிசைகிறவர்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மணியம்மாள் அவன் வாய்ச்சொல்லை மட்டும் நம்புகிறவள் இல்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். வண்டி அங்கே போயிற்று. பிரெஞ்சு டாக்டர் ஒருவர் அருளானந்தத்தின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். அந்த நேரம் முழுக்க அமலநாதன் வராந்தாவில் நின்று, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அருளானந்தத்துக்கு நல்லது நடக்க வேண்டும் என்று வேறு எந்தக் கலப்பும் இல்லாமல் வேண்டிக்கொண்டான். பழைய நீர்க்கோவைதான், சூடும் நல்ல சாப்பாடும் போதும் என்றார் டாக்டர்.

மணியம்மாள் இரண்டு குடித்தனம் என்று சொல்லி வாடகையைக் கொஞ்சம் ஏற்றினாள். இருவர் பென்ஷனும் சேர்ந்ததால் அது பாரமாகத் தெரியவில்லை. கிடங்குச் சுவர் இரண்டு அறைக்கும் பொதுவாக ஓடியது. எந்த அறை யாருக்கு என்பதில் முதல் நாளே தகராறு வந்தது. அடுப்பின் வாய் எந்தப் பக்கம், எந்த அறைச் சுவர் அதிகம் சுடுகிறது என்று இருவரும் மாறி மாறிக் கையை வைத்துப் பார்த்தார்கள். செலஸ்தீன் வந்து, நடக்க முடியாதவர் வாசல் பக்கத்து அறை, இருமுகிறவர் உள்ளறை என்று தீர்த்தாள். உள்ளறைதான் அதிகச் சூடு. அமலநாதன் முணுமுணுத்தான். சாயங்காலம் அவன் காலுக்குத் தைலம் தேய்த்து முடித்ததும், மிச்சத் தைலத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இதை அண்ணன் தோளுக்குப் போட்டுவிடுங்கள் என்று அவனிடமே கொடுத்தாள் அவள். அவன் போனான். குட்டையான கையைப் பிடித்துத் தேய்க்கும்போது, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று அருளானந்தம் கையில்லாத இடத்தைக் காட்டுவான். அவனும் அந்த வெறுங்காற்றைப் பார்த்துத் திட்டிக்கொண்டே தோளை அழுத்துவான்.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. வாசலில் யாராவது வந்து அருளானந்தத்தோடு சிரித்துப் பேசினால் அமலநாதன் தடியை இரண்டு தரம் தரையில் தட்டுவான். அருளானந்தமும், செலஸ்தீன் புருஷனுக்கு முதல் தோசையைப் போட்டால் கூரையைப் பார்த்துக்கொள்வான். ஆனால் இப்போது ஒருவன் வயிறு எரிவது இன்னொருவனுக்குத் தெரியும். தெரிந்து போனதால் அது ஊருக்குள் போய்க் கெடுதல் செய்கிற அளவுக்கு வளரவில்லை.

அடுத்த ஐப்பசியில் டோங்கினிலிருந்து சூசை என்பவன் வந்தான். இருவருக்கும் பழக்கமானவன், முழங்கால் வாதம், சொற்பப் பென்ஷன். மழையில் நனைந்தபடி வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். உங்களை மட்டும் இந்த ஊர் இப்படித் தேற்றியிருக்கிறதே, எங்கே இருந்தால் இப்படித் தேறலாம், எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள் என்று கெஞ்சினான். அமலநாதன் வாயைத் திறப்பதற்குள் அருளானந்தம் முந்திக்கொண்டான்.

"எல்லாம் ஊரு வெயிலுதான்டா. வேறென்ன இருக்குது."

அமலநாதன் அவனைத் திரும்பிப் பார்த்தான். அருளானந்தம் ஒன்றும் தெரியாதவன்போலக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அமலநாதனுக்கு. உள்ளேயிருந்து செலஸ்தீன் காப்பியோடு வந்தாள். சூசையின் கையில் லோட்டாவைக் கொடுத்துவிட்டு, முத்தியால்பேட்டையில் இன்னொரு ரொட்டிக் கிடங்கு இருக்கிறது, அதற்கும் ஒரு பின்கட்டு உண்டு, காலையில் நானே வந்து காட்டுகிறேன் என்றாள்.